ஒரு சொட்டு ஆல்கஹாலும் பச்சையாகும் நீலமும்

தென் அமெரிக்கக் காடுகளில் பறக்கும் மார்ஃபோ வண்ணத்துப்பூச்சியின் நீலச் சிறகில் ஒரு சொட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை விட்டால், சொட்டு பரவும் இடமெல்லாம் நீலம் பச்சையாகிவிடும். கொஞ்சம் பொறுத்தால் ஆல்கஹால் ஆவியாகி, ஓரத்திலிருந்து உள்நோக்கி நீலம் திரும்பி வரும். துடைத்த பஞ்சில் சாயக்கறை எதுவும் இருக்காது. தண்ணீரை விட்டால் இந்த வேடிக்கை நடக்காது. சேம்பிலையில் உருளுவது போலத் துளி உருண்டு விழுந்துவிடும், சிறகு நனையவே நனையாது.

அந்த நீலம் சாயமில்லை என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடையாது. மஞ்சள்பொடியின் மஞ்சளும் மருதாணியின் சிவப்பும் நிறமிகள். அந்த மூலக்கூறுகள் சில அலைநீளங்களை விழுங்கிவிட்டு மிச்சத்தை நமக்குத் தருகின்றன. அரைத்தாலும் கரைத்தாலும் நிறம் கூடவே வரும். மார்ஃபோவின் நீலம் வடிவத்தால் வருவது. மழை நின்ற சாலையில் பெட்ரோல் படலம் வானவில் காட்டுவது போல, ஒளியின் அலைநீளத்துக்கு நிகரான மெல்லிய அடுக்குகளில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்தும் அழிந்தும் உருவாக்குவது. இதைக் கட்டமைப்பு நிறம் என்கிறார்கள். சிறகை அம்மியில் வைத்து அரைத்தால் கிடைப்பது பழுப்புப் பொடிதான்.

இதைத் தெரிந்துகொள்ள நுண்ணோக்கிக்காரர்கள் பட்ட பாடு மூன்று நூற்றாண்டுக் கதை. சிக்கல் இதுதான்: நிறம் தெரியும் கருவியில் அமைப்பு தெரியாது, அமைப்பு தெரியும் கருவியில் நிறம் தெரியாது.

என் சொந்த அனுபவத்தில் ஒரு சொதப்பலைச் சொல்கிறேன். ஒருநாள் எறும்புகள் பாய்மரம் போலத் தூக்கிக்கொண்டு போன ஒரு சிறகு கிடைத்தது. நம் ஊரில் வெயில் காயும் தரிசு நிலங்களில் திரியும் நீல வசீகரனின் பின்சிறகு, ஆங்கிலப் பெயர் ப்ளூ பான்சி. பள்ளிக்கூட வகை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். நாட்டு ஓடு வேய்ந்த கூரை போலச் செதில்கள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நீளம். நீலத்தைத்தான் காணோம். எல்லாம் மங்கிய பழுப்பு மஞ்சள். அப்புறம்தான் உறைத்தது: அந்த நுண்ணோக்கியின் விளக்கு கீழிருந்து மேலே வருகிறது. நான் பார்த்தது சிறகை ஊடுருவி வந்த மிச்ச ஒளி. நீலம் மேலிருந்து படும் ஒளி திரும்புவதில் இருக்கிறது. கீழ்விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சைச் சாய்வாகக் காட்டியதும் செதில்கள் நீலமாகப் பற்றிக்கொண்டன.

சரி, ஒரு செதிலைத் தனியாகப் பார்க்கலாம் என்று செல்லோ டேப்பை ஒட்டி உரித்தேன். செதில்கள் டேப்பில் அழகாக வந்தன, நீலம் வரவில்லை. பசை செதிலோடு ஒட்டிக் காற்றை விரட்டிவிட்டது. இங்கே காற்றும் நிறத்தில் ஒரு பங்காளி என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. இந்த வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்கு என் யோசனை: ஒரு மெல்லிய முடித்தூரிகையின் நுனியால் செதிலைத் தொட்டெடுத்துக் கண்ணாடியில் உதிருங்கள். பூச்சியைப் பிடிக்க வேண்டியதில்லை. வேலியோரத்தில் எறும்புகள் மிச்சம் வைப்பதே போதும்.

நனைத்துப் பார்ப்பது பழைய உத்தி. 1665-இல் வெளியான ‘மைக்ரோகிராஃபியா’ நூலில் ராபர்ட் ஹூக் மயிலிறகை நுண்ணோக்கியில் பார்த்ததை எழுதியிருக்கிறார். தண்ணீரில் நனைத்தால் அந்த நிறங்கள் போய்விடுவதைக் கவனித்து, அவை மெல்லிய தகடுகளில் ஒளி படுவதால் வருபவை என்ற முடிவுக்கு வந்தார். கொஞ்ச காலம் கழித்து நியூட்டனும் மயிலிறகை மென்படலங்களோடு சேர்த்தே பேசினார். ஊகம் சரிதான். ஆனால் தகடுகளை யாரும் கண்ணால் பார்க்கவில்லை.

பார்க்கவும் முடியாது. ஒளியால் பார்க்கும் எந்தச் சாதாரண நுண்ணோக்கிக்கும் ஓர் எல்லை இருக்கிறது என்று 1873-இல் எர்ன்ஸ்ட் அபே காட்டினார். எவ்வளவு நல்ல லென்ஸ் போட்டாலும், ஏறக்குறைய 200 நானோமீட்டருக்குக் கீழே (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இரண்டு புள்ளிகள் ஒன்றாகிவிடும். மார்ஃபோவின் தட்டு ஒன்றின் தடிமன் சுமார் 60 நானோமீட்டர். நீலத்தைத் தருவது எதுவோ அது நீல ஒளியைவிடச் சிறியது. ஆகவே ஒளியை வைத்து அதைப் பார்ப்பது, விரலால் தடவி ரேகை எண்ணுவது போன்ற வேலை.

பார்க்க முடியாத இடத்தில் ஆளுக்கொரு கட்சி உண்டாவது இயல்பு. 1911-இல் ஆல்பர்ட் மைக்கெல்சன் பூச்சிகளின் உலோகப் பளபளப்பை அளந்தார். ஒளியளவியலில் துல்லியத்துக்காக நோபல் பரிசு வாங்கியவர். அளந்து பார்த்துவிட்டு, இது உலோகத்தின் மேற்பரப்பு பிரதிபலிப்பது போன்ற ஒன்று, அடுக்குகளால் வருவதல்ல என்ற பக்கம் சாய்ந்தார். இங்கிலாந்தின் இயற்பியலாளர் ராலே பிரபு அடுக்குகள்தான் என்று நின்றார். கருவியில் மைக்கெல்சனை மிஞ்ச ஆள் இல்லை, ஆனாலும் பெரும்பாலான பூச்சிகளின் விஷயத்தில் ராலேதான் சரி. அளவு துல்லியமாக இருந்தும் கேள்வி தப்பிப்போன சம்பவம் என்று இதை நான் நினைவில் வைத்திருக்கிறேன்.

கேள்வியைச் சரியாகக் கேட்டவர் 1920-களில் கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்த கிளைட் மேசன். அவரிடம் இருந்தது ஒளி நுண்ணோக்கிதான். பார்ப்பதை விட்டுவிட்டுச் செதிலைத் தொந்தரவு செய்தார். வெவ்வேறு ஒளிவிலகல் எண் (ஒரு பொருளுக்குள் ஒளி எவ்வளவு மெதுவாகிறது என்பதன் அளவு) கொண்ட திரவங்களில் முக்கினார், நிறம் எப்படி நகர்கிறது என்று குறித்தார். செதில் ஆகியிருக்கும் கைட்டின் என்ற கெட்டிப் பொருளுக்கு அந்த எண் சுமார் 1.56. அதற்குச் சமமான எண்ணுள்ள திரவம் இடைவெளிகளில் புகுந்துவிட்டால், ஒளிக்குக் கைட்டினும் திரவமும் ஒன்றாகிவிடும், எல்லை தெரியாது, நிறம் அணைந்துபோகும். கிராம்புத் தைலத்தின் எண் 1.53, கிட்டத்தட்ட அந்த அளவு. மார்ஃபோவின் மெல்லிய தகடுகள் செதிலின் வரிமேடுகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது வரை, தகடுகளைப் பார்க்காமலேயே அவர் சொல்லிவிட்டார்.

அதே காலத்தையொட்டி நம் பக்கத்திலும் ஒருவர் இறகுகளை நனைத்தும் வளைத்தும் பார்த்துக்கொண்டிருந்தார். 1934-இல் சி. வி. ராமன் பறவை இறகுகளின் நிறம் பற்றி எழுதினார். அவர் எடுத்துக்கொண்டது பனங்காடை. இறகின் நீலம் வானத்து நீலம் போல வெறும் ஒளிச்சிதறல்தான் என்ற அன்றைய கருத்தை அவர் ஏற்கவில்லை. பாடப்புத்தகங்களோ பல பத்தாண்டுகள் சிதறல் என்றே எழுதிவந்தன. 1998-இல் ரிச்சர்ட் பிரம்மின் குழு வேறொரு பறவையின் நீல இறகை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்துக் கணக்குப் போட்டு, சிதறும் அலைகள் ஒன்றோடொன்று ஒழுங்காகச் சேர்கின்றன என்று காட்டிய பிறகுதான் அந்தக் கருத்து ஆட்டம் கண்டது.

மார்ஃபோவின் தகடுகளை முதலில் பார்த்தது 1942-இல். அமெரிக்காவில் தாமஸ் ஆண்டர்சனும் கிளென் ரிச்சர்ட்ஸும், ஜெர்மனியில் கெண்டில் என்பவரும், அதே ஆண்டில் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களை வெளியிட்டார்கள். உலகப்போரில் இரண்டு நாடும் எதிரெதிர் பக்கம். இரண்டு பக்கமும் புதிதாகக் கிடைத்த கருவியில் ஒரே பூச்சியின் நீலத்தை வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

படத்தில் தெரிந்தது இது. செதிலின் மேல் நீளவாக்கில் வயல் வரப்புகள் போல வரிமேடுகள் ஓடுகின்றன. ஒரு வரிமேட்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், நடுவில் ஒரு தண்டு, இருபுறமும் தட்டுத்தட்டாக நீட்டிய கிளைகள், மேலே போகப்போகக் குறுகும். ஆங்கிலத்தில் கிறிஸ்துமஸ் மரம் என்பார்கள். எனக்கு அது கோயிலில் காட்டும் அடுக்கு தீபம். தட்டு கைட்டின், தட்டுக்கு நடுவே காற்று.

இப்போது ஆல்கஹால் கணக்கைப் போட்டுவிடலாம். தட்டு சுமார் 60 நானோமீட்டர், காற்று இடைவெளி சுமார் 130. ஒவ்வொன்றையும் அதன் ஒளிவிலகல் எண்ணால் பெருக்கிக் கூட்டி, ஒளி போய் வருவதால் இரண்டால் பெருக்க வேண்டும். 60-ஐ 1.56-ஆல் பெருக்கினால் 93.6. காற்றின் எண் 1, ஆகவே 130 அப்படியே. கூட்டி இரட்டித்தால் 447 நானோமீட்டர். அது நீலம். காற்றின் இடத்தில் 1.38 எண்ணுள்ள ஆல்கஹால் வந்தால் 130 என்பது 179.4 ஆகிறது. திரும்பக் கூட்டி இரட்டித்தால் 546. அது பச்சை. நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் போடக்கூடிய கணக்கு இது. 2007-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தினர், வெவ்வேறு வேதிப்பொருள்களின் ஆவி பட்டாலே மார்ஃபோ செதில் தரும் ஒளி தனித்தனி விதமாக மாறுவதைக் காட்டியதும் இதே அடிப்படையில்தான்.

ஆனால் கணக்கோடு விஷயம் முடியவில்லை. அடுக்குப் படலம் என்றால் பார்க்கும் கோணம் மாறினால் நிறம் மாற வேண்டும், சோப்புக் குமிழில் மாறுவது போல. மார்ஃபோ அப்படியில்லை. பல கோணங்களிலும் நீலம் நீலமாகவே நிற்கிறது. இந்தப் புதிரை ஜப்பானில் ஒசாகாவைச் சேர்ந்த ஷூய்ச்சி கினோஷிடா குழு 2002-இல் நன்றாக அவிழ்த்தது. தட்டுகளின் அடுக்கு ஒழுங்கானது, நீலத்தைத் தேர்ந்தெடுப்பது அதுதான். ஆனால் பக்கத்து வரிமேடுகளின் உயரம் ஒன்றுபோல் இல்லை, ஏறுக்குமாறாக இருக்கிறது. அதனால் ஒரு வரிமேட்டிலிருந்து வரும் அலை பக்கத்து வரிமேட்டின் அலையோடு சேர்ந்து விளையாட முடிவதில்லை. வரிமேடுகள் ஒடுங்கியவை என்பதால் விளிம்பு விளைவால், அதாவது ஒடுங்கிய இடத்தில் பட்ட ஒளி பரந்து விரியும் இயல்பால், ஒவ்வொன்றின் நீலமும் விசிறியாக விரிகிறது. ஒழுங்கும் ஒழுங்கின்மையும் பங்கு போட்டுக்கொள்ளும் வேலை. இதற்குக் கொஞ்சம் முன்பு, 1999-இல், இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் பீட்டர் வுகுசிக் குழு ஒற்றைச் செதில்களைத் தனியே எடுத்து அளந்து, மார்ஃபோ ரெட்டெனார் இனத்தில் படும் நீல ஒளியில் 75 சதவீதம் வரை திரும்புகிறது என்று சொன்னது. அடியில் இருக்கும் மெலனின் நிறமி மிச்ச நிறங்களை விழுங்கிக்கொள்கிறது. நிறமி இல்லாத மார்ஃபோ இனத்தில் அமைப்பு ஏறக்குறைய அதேதான், ஆனால் சிறகு முத்துப்போல வெளிறித் தெரியும். கறுப்புத் துணிமேல் வைத்தால்தான் வைரம் எடுப்பாக இருக்கும் என்று நகைக்கடைக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம்தான்.

எலக்ட்ரான் நுண்ணோக்கியின் குறைகளைச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். அதில் நிறமே கிடையாது. எலக்ட்ரான்களின் அலைநீளம் ஒளியைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறியது என்பதால்தான் நுணுக்கம் கிடைக்கிறது, அந்த எலக்ட்ரானுக்கு நீலமும் தெரியாது பச்சையும் தெரியாது. இணையத்தில் பார்க்கும் பளீர் நீல எலக்ட்ரான் படங்கள் கணினியில் வண்ணம் தீட்டியவை. மேற்பரப்பை வருடிப் பார்க்கும் வகையில் செதிலுக்கு முதலில் தங்கம் போன்ற உலோகத்தை மெல்லியதாகப் பூச வேண்டும். ஊடுருவிப் பார்க்கும் வகையில் பிசினில் பதித்து 100 நானோமீட்டருக்கும் குறைவான தடிமனில் சீவ வேண்டும்.

சீவுவதில் ஒரு கண்ணி இருக்கிறது. முறுக்கை நெட்டுக்குத்தாக வெட்டி, வெட்டிய முகத்தை மட்டும் ஒருவருக்குக் காட்டுங்கள். வரிசையாகச் சில வட்டங்கள் தெரியும். சுருள் தெரியாது. ஐரோப்பாவின் காலோஃப்ரிஸ் ரூபி என்ற சிறிய பச்சை வண்ணத்துப்பூச்சிக்கு நடந்தது இதுதான். அதன் செதிலுக்குள் வரிமேட்டு அடுக்கு இல்லை, முப்பரிமாணத்தில் பின்னிய ஒரு வலை இருக்கிறது. துண்டுப் படங்களைப் பார்த்தவர்கள் அந்த வலையின் வடிவத்தை ஆளுக்கொரு விதமாக ஊகித்தார்கள். 2010-இல் யேல் பல்கலைக்கழகத்தின் வினோத்குமார் சரநாதன், பிரம் முதலானோர் செதில்களை வெட்டாமல் எக்ஸ்-கதிரைச் சிறுகோணத்தில் சிதறவிட்டுப் பார்த்தார்கள். இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த ஐந்து இனங்களில் இருந்தது ‘ஜைராய்டு’ என்ற வடிவம். நேர்கோடும் சமதளமும் இல்லாமல் வளைந்து வளைந்து வெளியை நிரப்பும் அந்த வடிவத்தை, 1970-இல் நாசாவில் வேலை பார்த்த ஆலன் ஷோன் கணிதத்தில் விவரித்திருந்தார். பூச்சி அதற்கு எத்தனையோ காலம் முன்பே கட்டிவைத்திருக்கிறது.

ஒளி நுண்ணோக்கியை அதற்காகப் பரணில் ஏற்றிவிட வேண்டாம். தென்கிழக்கு ஆசியாவின் பாபிலியோ பாலினூரஸ் என்ற அழகி வகை வண்ணத்துப்பூச்சியின் பச்சைப் பட்டையை அதில் பார்த்தால் பச்சையே இல்லை. செதில் முழுக்கக் குட்டிக் குழிகள். குழியின் நடுவில் மஞ்சள், சரிவுகளில் நீல வளையம். நம் கண் இரண்டையும் கலந்து பச்சை என்கிறது. மயில்கழுத்துப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடு ஒரு நிறம், தள்ளி நின்றால் மூன்றாவது நிறம், அதே கதை. 2000-இல் வுகுசிக் குழு இதை விளக்கியபோது ஒரு நேர்த்தியான சோதனை செய்தது. ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டிகளான ஒளிமுனைப்படுத்திகள் இரண்டை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து, அவற்றுக்கு இடையே செதிலைப் பார்த்தால் மஞ்சள் அணைந்துவிடும், நீல வளையம் மட்டும் நிற்கும். நீல ஒளி குழியின் ஒரு சரிவில் பட்டு எதிர்ச்சரிவுக்குத் தாவி, இரண்டாம் முறை பட்டுத் திரும்புகிறது. அந்தத் தாவலில் அதன் தளம் திரும்பிவிடுகிறது. அதே பேரினத்தைச் சேர்ந்த, பச்சை மினுக்கும் மலபார் பேண்டட் பீகாக் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் பறக்கிறது. அடுத்த முறை கண்ணில் பட்டால், அது எத்தனை நிறங்களால் நெய்த பச்சை என்று யோசித்துக்கொள்ளலாம்.

கண்ணுக்கே தெரியாத கட்டமைப்பு நிறமும் உண்டு. வட அமெரிக்காவின் ஒரு சிறு மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் ஆண்சிறகு புற ஊதா ஒளியில் மின்னுவதையும், அது செதிலின் அடுக்குகளால் வருவதையும் 1972-இல் ஹெலன் கிராடெல்லா முதலானோர் காட்டினார்கள். நமக்கு வெறும் மஞ்சள். பெண்பூச்சிக்கு அது வேறு ஆள்.

நீல வசீகரனுக்குத் திரும்புவோம். மார்ஃபோவின் அடுக்கு தீபமெல்லாம் இதனிடம் கிடையாது. இந்தப் பேரினத்தில் நீலத்தைத் தருவது செதிலின் அடித்தகடு, ஒரே ஒரு படலம், அவ்வளவுதான். படலத்தின் தடிமன் மாறினால் நிறம் மாறும். எவ்வளவு மாற வேண்டும்? 220 நானோமீட்டர் கைட்டின் படலம் 457 நானோமீட்டர் நீலத்தைத் தூக்கிக் காட்டும். இன்னும் 10 நானோமீட்டர் தடித்தால் நிறம் ஏறக்குறைய 20 நானோமீட்டர் பச்சைப் பக்கம் நகரும். ஒரு தலைமுடியின் தடிமனில் சில ஆயிரத்தில் ஒரு பங்குக்கு நிறம் பதில் சொல்கிறது.

பரிணாமம் இதை எப்படிக் கையாள்கிறது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு தற்செயல் சோதனை அமைந்தது. அங்கே ஒரு வளர்ப்பாளர், நீல வசீகரனின் உறவான, பக்-ஐ (Buckeye) என்ற பழுப்பு நிற வண்ணத்துப்பூச்சி இனத்தில் கொஞ்சம் நீலம் தெரிந்தவற்றை மட்டும் இனச்சேர்க்கைக்கு விட்டுக்கொண்டே வந்தார். ஏறக்குறைய ஓராண்டில் சிறகெல்லாம் நீலமான கூட்டம் வந்துவிட்டது. ரேச்சல் தேயர், நிப்பம் பட்டேல் முதலானோர் ஹீலியம் அயனி நுண்ணோக்கியில் செதில்களின் குறுக்குவெட்டை அளந்து 2020-இல் வெளியிட்டார்கள். புது நிறமி எதுவும் முளைக்கவில்லை. அடித்தகடு சில பத்து நானோமீட்டர் தடித்திருந்தது. அதற்கு மூன்றாண்டு முன்பு, ஆப்டிக்ஸ் என்ற ஒற்றை மரபணுவை முடக்கினாலும் அந்தப் பூச்சியில் நீல மினுக்கு வருவதை வேறொரு குழு காட்டியிருந்தது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். ஜைராய்டு மாதிரி மலைப்பூட்டும் வடிவங்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள், நீலம் இவ்வளவு சல்லிசாகவும் கிடைக்கும் என்பதை யாரும் அதிகம் சொல்வதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் செத்த செதில். கட்டி முடித்த வீட்டைச் சுற்றிப் பார்ப்பது. சாரம் கட்டிச் சுவர் எழுப்புவது கூட்டுப்புழுவின் மூடிய ஓட்டுக்குள் நடக்கிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு அதைக் கொன்று பதப்படுத்தித்தான் கொடுக்க வேண்டும், ஒரு கூட்டுப்புழு ஒரு கணத்தை மட்டும் காட்டும். 2021-இல் எம்ஐடியில் அந்தோனி மெக்டூகல், மத்தியாஸ் கொல்லே முதலானோர் வேறு வழி கண்டார்கள். நம் ஊரிலும் வந்துபோகும் பெயின்டட் லேடி வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஓட்டில் சிறகுக்கு மேலே ஒரு சிறு துண்டைக் கவனமாக எடுத்துவிட்டுக் கண்ணாடிச் சில்லை வைத்து மூடினார்கள். சாயம் ஏற்றாமல், திரும்பி வரும் ஒளியின் கட்ட வேறுபாட்டை, அதாவது அலைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு முன்பின்னாக வருகின்றன என்பதை மட்டும் அளக்கும் நுண்ணோக்கியால், செதில் செல்கள் வரிசை கட்டுவதையும் அவற்றின் வழுவழுப்பான மேற்பரப்பில் வரிமேடுகள் எழும்புவதையும் உயிரோடு நாள்கணக்கில் பார்த்தார்கள். பெயின்டட் லேடி மின்னும் இனமில்லை. ஒரு மார்ஃபோவிலோ ஜைராய்டு கட்டும் இனத்திலோ இதே ஜன்னலைத் திறப்பது இனிமேல் நடக்க வேண்டியது.

கூட்டுப்புழு என்றதும் ஒன்று. வீட்டு வாசல் அரளிச் செடியில் இலைகளின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். வெண்புள்ளிக் கருப்பன் என்னும் காமன் குரோவின் கூட்டுப்புழு தொங்கலாம். பாதரசத்தில் முக்கி எடுத்தது போல, கூர்ந்து பார்த்தால் உங்கள் முகமே வளைந்து தெரியும். அதுவும் கட்டமைப்பு நிறம்தான். தோலுக்குள் நூற்றுக்கணக்கான மெல்லிய அடுக்குகள் இருப்பதை ஜெர்மனியில் ஸ்டைன்பிரெக்ட் குழு 1985-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டியது. மார்ஃபோவில் இடைவெளியை நிரப்புவது காற்று, இங்கே அடுக்குகளுக்குள் தண்ணீர். ஆகவே இங்கே விதி தலைகீழ்: நனைந்தால் போகாது, காய்ந்தால் போய்விடும். பூச்சி பறந்து போன மறுநாள் அதே இலையைப் புரட்டினால் நிறமில்லாத, கண்ணாடித்தாள் போன்ற வெற்றுக்கூடு ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்.